காலி நாற்காலிக்கு ஒரு விண்ணப்பம்

மெக்கானிக்குக்கு ‘நெடுவான்’ தொடரைப் பற்றித் தெரிந்தது மூன்றே விஷயம்தான். அது வெள்ளிக்கிழமை ஏழரை மணிக்கு வரும். அது ஓடும்போது மனைவியிடம் என்ன சொன்னாலும் ‘ம்’ என்றுதான் பதில் வரும். அது முடிந்த பிறகுதான் சாப்பாடு. இந்த மூன்றை வைத்துக்கொண்டே மனிதர் இருபத்து மூன்று வருடம் குடித்தனத்தை ஓட்டிவிட்டார்.

நெடுவான் என்பது ஒரு விண்கப்பல். நாற்பது வருடங்களுக்கு முன் பூமியிலிருந்து கிளம்பி, முதல் வாரமே வழி தவறி, அன்றிலிருந்து வாராவாரம் வீடு திரும்பப் பார்த்துக்கொண்டிருக்கிறது. இதுவரை எட்டு கேப்டன்கள் மாறிவிட்டார்கள். வழி கேட்க மட்டும் ஒருவருக்கும் தோன்றவில்லை. மூன்றாம் வருடத்தில் துணை மாலுமி ஒருவர் ஏதோ சரிசெய்யக் கப்பலுக்கு வெளியே போனார், திரும்பவில்லை. “அவர் வரும்வரை இந்த நாற்காலியில் யாரும் உட்காரக் கூடாது” என்று கேப்டன் உத்தரவு போட்டார். அந்த நடிகர் சோப்பு விளம்பரத்துக்குப் போய்விட்டதாக அந்தக் காலத்துப் பத்திரிகைகள் எழுதின. ரசிகர் பேரவை இதை ஏற்பதில்லை. பேரவையைப் பொறுத்தவரை அவர் இன்னும் வெளியேதான் இருக்கிறார்.

ஆகவே ஒவ்வோர் ஆண்டு விழாவிலும் மேடையில் ஒரு காலி நாற்காலி போடுவார்கள். அந்த வருடம் இறந்துபோன ரசிகர் ஒருவரின் சீருடைக் கோட்டை அதன்மேல் விரித்து வைப்பார்கள். மண்டபமே எழுந்து நிற்கும்.

மெக்கானிக் பார்ப்பது லிஃப்ட் வேலை. மனைவி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தாள். எட்டு மாதத்துக்கு முன்னால், ஆஸ்பத்திரிக் கட்டிலில், பேச்சு குறைந்துபோயிருந்த ஒரு மத்தியானம், “அந்த நாற்காலியில என் கோட்டை வைப்பாங்களான்னு கேட்டுப் பாருங்க” என்றாள். அதுவரை அவள் கேட்ட எல்லாவற்றுக்கும் ‘பார்க்கலாம்’ என்றே சொல்லிப் பழகியவர் அன்றைக்கு, “வைக்கச் சொல்றேன்” என்றார். நான்காம் நாள் அவள் போய்விட்டாள். இனி அவளுக்காக அவர் செய்யக்கூடியது அந்த ஒன்றுதான் மிச்சம்.

நாற்பதாம் ஆண்டு விழாவன்று காலை எட்டு மணிக்கே, இஸ்திரி போட்ட கோட்டைத் துணிப்பையில் வைத்து எடுத்துக்கொண்டு, மண்டபத்து வாசலில் வரிசையில் நின்றார். முன்னாலும் பின்னாலும் தலையில் கம்பி முளைத்த பெரியவர்கள் நின்றார்கள். யாரும் சிரிக்கவில்லை. அவரும் சிரிக்கவில்லை.

வாசல் காவலர் வெள்ளிக் காகிதத் தொப்பி போட்டிருந்தார். “வணக்கம் வைங்க” என்றார்.

“வணக்கம்” என்றார் மெக்கானிக்.

“அது வீட்டு வணக்கம். கப்பல் வணக்கம் வைங்க.”

கப்பல் வணக்கம் என்பது இடது உள்ளங்கையை வலது தோளில் வைத்து மூன்று முறை கண்சிமிட்டுவது. பத்து வருடங்களுக்கு முன் யாரோ ஒரு பாவி முதல் பகுதியை மெதுவாக ஓட்டிப் பார்த்து, கேப்டன் நான்கு முறை சிமிட்டுகிறார் என்று கண்டுபிடித்துத் தொலைத்தான். நாலாவது சிமிட்டல் கண்ணில் விழுந்த தூசுக்காக என்றது பேரவை. பேரவை இரண்டாக உடைந்தது. நாலு சிமிட்டுக்காரர்கள் எதிர் வீதியில் தனி மண்டபம் பிடித்து அதே நாளில் அதே விழாவை நடத்துகிறார்கள். இரு தரப்புக்கும் பேச்சுவார்த்தை இல்லை, பெண் கொடுத்து எடுப்பதும் இல்லை.

மெக்கானிக்குக்கு இந்த வரலாறு தெரியாது. பதற்றத்தில் நாலு முறை சிமிட்டிவிட்டார். காவலர் இரண்டடி பின்னால் நகர்ந்து, “எதிர் வீதியிலிருந்து வந்தவரா நீங்க?” என்றார்.

“இல்லீங்க. பஸ் ஸ்டாப்புலேருந்து வர்றேன்.”

வரிசையின் கடைசிக்குப் போய், ஒரு மணி நேரம் சிமிட்டிப் பழகிவிட்டு வந்து, உள்ளே நுழைந்தார்.

முதல் மேஜையில் சீருடை ஆய்வாளர் உட்கார்ந்திருந்தார். கண்ணில் பூதக்கண்ணாடி, கையில் அடிக்கோல், முகத்தில் பிரேதப் பரிசோதனைக்குரிய நிதானம்.

“இறந்தவங்க கப்பல் பேரு?”

மெக்கானிக் மனைவியின் பெயரைச் சொன்னார்.

“அது பூமிப் பேரு சார். அது எங்களுக்கு எதுக்கு? கப்பல்ல என்ன பேரு?”

தெரியவில்லை. வீட்டில் அவர் ‘இந்தாம்மா’ என்றுதான் கூப்பிடுவார். ஆய்வாளரே கோட்டின் காலரைத் திருப்பிப் பார்த்தார். உள்பக்கம் நீல நூலில் ‘ஏழாம் நிலா’ என்று தைத்திருந்தது. மெக்கானிக் அதை இரண்டு தரம் படித்தார். தன் பெண்டாட்டிக்கு இவ்வளவு நல்ல பெயர் ஒன்று இருந்தது தனக்குத் தெரியாமல் போனதே என்று அவருக்கு வெட்கமாக இருந்தது.

“ஆறாவது பட்டன் வெள்ளை” என்றார் ஆய்வாளர். “வெள்ளி நிறமா இருக்கணும். இது என்ன, சட்டை பட்டன் மாதிரி இருக்கு?”

“என் வேலைச் சட்டையோடதுங்க. பிச்சு எடுத்துக்கிட்டா. அன்னைக்கு நான் கத்தினேன்.”

“கத்தினது சரிதான்” என்று ஆய்வாளர் ஆமோதித்தார். பிறகு ஒரு தடிமனான புத்தகத்தைப் புரட்டினார். பதினாறாம் வருடத்தில் ஒரு கேப்டனுக்குச் சண்டையில் ஆறாவது பட்டன் தெறித்துவிடுகிறது. இரண்டு நிமிடம் பட்டன் இல்லாமலே கப்பலை ஓட்டுகிறார். எனவே பட்டன் இல்லாதது குற்றமில்லை, தப்பான பட்டன் இருப்பதுதான் குற்றம். “வெட்டிடலாமா?” என்று கத்தரிக்கோலை எடுத்தார்.

“வேண்டாங்க” என்றார் மெக்கானிக். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. ஆய்வாளர் கத்தரிக்கோலைக் கீழே வைத்து, ‘சர்ச்சைக்குரியது’ என்று ஒரு சீட்டை எழுதிக் கோட்டில் குத்தி அனுப்பினார்.

அடுத்தது நாற்காலிக் குழு. தலைமை மாலுமியும் கதைத் தூய்மைச் செயலாளரும் உயரமான மேஜைக்குப் பின்னால் இருந்தார்கள். தலைமை மாலுமி வாரநாட்களில் பல் வைத்தியர். அதனாலோ என்னவோ, எதிரில் இருப்பவர் வாய் திறந்ததும் உள்ளே உற்றுப் பார்த்தார்.

“விண்ணப்பதாரர் பற்றுத் தேர்வு எழுதணும்” என்றார் செயலாளர். “இருபது கேள்வி. பன்னிரண்டு சரியா இருந்தாத்தான் நாற்காலி.”

“அவ செத்துப்போயிட்டாளே சார்.”

“அது காரணமே இல்ல. நெருங்கின உறவு பதில் சொல்லலாம். விதியில இடம் வச்சிருக்கோம். நாங்க என்ன கல் மனசுக்காரங்களா?”

முதல் கேள்வி: ஐந்தாம் வருடத்தில், வீட்டுக்கு ஒரு நாள் தூரமே இருக்கும்போது, கேப்டன் கப்பலை ஏன் எதிர்த்திசையில் திருப்பினார்?

மெக்கானிக் யோசித்தார். “காரணம் தெரியாதுங்க. அதை மறுபடி போட்டப்ப அவ அடுப்பை அணைக்க மறந்துட்டா. பால் பூராவும் வழிஞ்சு போச்சு. ‘பாவம், போயிருக்கலாம்ல, போயிருக்கலாம்ல’ன்னு சொல்லிக்கிட்டே துடைச்சா.”

“தவறு” என்று எழுதினார் செயலாளர்.

இரண்டாம் கேள்வி: கப்பலின் பொறியாளர் அம்மாள் உயிர்விட்ட கோளின் பெயர் என்ன?

“கோளுங்களா… அன்னைக்கு அவ சாப்பிடலைங்க. டிவி பொம்மை செத்ததுக்கெல்லாமா பட்டினி கிடப்பேன்னு திட்டினேன். மறுநாளும் சாப்பிடலை.”

“மறுநாள் என்பது கேள்வியிலேயே இல்ல. தவறு.”

இப்படியே போயிற்று. அவருக்குத் தெரிந்ததெல்லாம் டிவிக்கு இந்தப் பக்கம் நடந்தது. அவர்கள் கேட்டதெல்லாம் அந்தப் பக்கம் நடந்தது. பதினெட்டுக் கேள்விக்கும் அவர் அவளைச் சொன்னார். பதினெட்டும் தவறு என்று எழுதினார்கள்.

பத்தொன்பதாம் கேள்வி: நெடுவான் கப்பலின் கதவு எப்படித் திறக்கும்?

மெக்கானிக்கின் முகம் முதல் தடவையாகத் தெளிந்தது. “நடுவுல பிரிஞ்சு ரெண்டு பக்கமும் ஒதுங்கும் சார். தண்ணி குடிக்கப் போறப்ப பார்த்திருக்கேன். ஆனா சென்சார் சரியில்லீங்க. ஆள் தாண்டின பிறகும் ரெண்டு செகண்டு திறந்தே நிக்குது. யாராவது பார்த்துச் சரி பண்ணணும்.”

தலைமை மாலுமி மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

“நாற்பது வருஷமா எங்க கப்பல்ல குறைன்னு ஒருத்தர் சொன்னதில்ல” என்றார். “பதில் சரி. அதுக்கு ஒரு மார்க். கப்பலை இழிவுபடுத்தினதுக்கு ரெண்டு மார்க் குறைக்கிறோம்.”

இருபதாம் கேள்வி கேட்கப்படவில்லை. மைனஸ் ஒன்று எடுத்து அவர் மனைவி தோற்றாள். பரீட்சை என்று எழுதிய எதிலும் முதல் மூன்று இடத்துக்குள் வந்தவள் அவள். தோற்கடித்தது தான்தான் என்பது மெக்கானிக்குக்கு நன்றாகப் புரிந்தது. வெள்ளிக்கிழமைகளில் ஒரே ஒரு தடவை பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் நாலைந்து பதிலாவது தேறியிருக்கும்.

“சார், ஒரு அஞ்சு நிமிஷம் வச்சுட்டு எடுத்துக்கறேன். அவகிட்ட சொல்லிட்டேன் சார்” என்று கெஞ்சினார்.

“எங்களைக் கேக்காம அவங்ககிட்ட ஏன் சொன்னீங்க?” என்றார் தலைமை மாலுமி. கேள்வி நியாயமானதுதான்.

பதினொரு மணிக்கு விழா தொடங்கியது. மெக்கானிக் கடைசி வரிசைக்குப் பின்னால் சுவரோரம் பையோடு நின்றார். மேடை நடுவில் அந்த நாற்காலி. மேலே விளக்கு. தலைமை மாலுமி ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

“சக பயணிகளே! தொலைந்தவர்களைக் கைவிடாதவர்கள் நாம். ஒருவரையும் விட்டுவிடாத கப்பல் நம் கப்பல். அதனால்தான் யாரை உள்ளே விடுவது என்பதில் நாம் இவ்வளவு கண்டிப்பாக இருக்கிறோம். இந்த ஆண்டு பதினொரு பேர் இறந்து விண்ணப்பித்தார்கள். பதினொரு பேரையும் நிராகரித்திருக்கிறோம் என்பதைப் பெருமையோடு அறிவிக்கிறேன்!”

கைத்தட்டல்.

“சென்ற ஆண்டு ஒன்பது பேரைத்தான் நிராகரிக்க முடிந்தது. நம் தரம் எங்கே போய்க்கொண்டிருக்கிறது என்று நீங்களே பாருங்கள். இறந்தால் மட்டும் போதும் என்ற மனப்பான்மை இன்று பரவிவருகிறது. இறப்பது யாராலும் முடியும்! ஐந்தாம் வருடக் கதையைச் சொல்ல எத்தனை பேரால் முடியும்? சரி, நாற்காலியைச் சும்மாவே காலியாக விடலாமே என்று கேட்கிறார்கள். தகுதியில்லாத ஒரு காலியிடத்தை இன்று அனுமதித்தால், நாளை யார் வேண்டுமானாலும் வந்து அதில் இல்லாமல் இருந்துவிட்டுப் போவார்கள். எனவே, கனத்த மனதோடு, இந்த ஆண்டு அந்தக் காலி நாற்காலியில் நானே அமர்கிறேன்.”

அமர்ந்தார். நாற்காலி அவருக்குக் கொஞ்சம் சிறியது. இரண்டு பேர் வந்து அழுத்தி உட்காரவைத்தார்கள். மண்டபம் எழுந்து நின்று மூன்று முறை கண்சிமிட்டியது. முன்வரிசையில் பலர் அழுதார்கள். மெக்கானிக்கும் அழுதார், வேறு காரணத்துக்காக.

வெளியேறும் வழியில் இன்னொரு மேஜை. பதிவாளர் அம்மாள் அங்கே இருந்தார். வாரநாட்களில் பள்ளிக்கூட அலுவலகத்தில் வருகைப் பதிவேடு எழுதுபவர். வராதவர்களைக் குறிப்பதில் முப்பது வருட அனுபவம்.

“வெளியே போறதுன்னா கையெழுத்துப் போடணும் சார். விலாசத்தையும் எழுதுங்க.”

எழுதினார். அந்த அம்மாள் விலாசத்தைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், எழுந்துபோய் அலமாரியிலிருந்து ஒரு கோப்பை எடுத்துவந்தார்.

“நீங்கதானா அது! வந்துட்டீங்களா? நீங்க இருபத்திரண்டு வருஷமா மெம்பர் சார்.”

“நானா? நான் இதுல சேரவே இல்லீங்களே.”

“ஏழாம் நிலா உங்களையும் சேர்த்துத்தான் பதிஞ்சிருக்காங்க. வருஷா வருஷம் ரெண்டு இடம் போட்டு வைப்பாங்க. மூணு வருஷம் சேர்ந்தாப்ல காரணம் சொல்லாம வரலைன்னா பேரை அடிச்சிடுவோம். அதனால ஒரு வருஷம் விடாம உங்களுக்கு லீவ் லெட்டர் கொடுத்திருக்காங்க.” கோப்பை அவர் பக்கம் திருப்பினார். “எல்லாம் சரியா இருக்கான்னு பார்த்துக்குங்க.”

மெக்கானிக் நின்றபடியே படித்தார். அவள் கையெழுத்து.

முதல் கடிதத்தில், ‘என் கணவருக்கு அன்று வேலை இருப்பதால் விடுப்பு அளிக்க வேண்டுகிறேன். திரும்பி வரும் நாள்: அடுத்த ஆண்டு.’ இரண்டாம் வருடமும் கிட்டத்தட்ட அதேதான். நாலாவது வருடத்திலிருந்து கடிதங்கள் நீண்டன. ‘ஒன்பதாவது மாடிக்கும் பத்தாவது மாடிக்கும் நடுவில் நின்றுபோன லிஃப்டில் ஒரு கர்ப்பிணிப் பெண் மாட்டிக்கொண்டாள். என் கணவர் கம்பி வழியே லிஃப்டின் கூரைமேல் இறங்கி, கதவு திறக்கும்வரை அவளிடம் பேசிக்கொண்டே இருந்தார். அந்தக் களைப்பில் இருக்கிறார்.’ இன்னொன்றில், ‘ஒரு முதியவர் லிஃப்டுக்குள் பயந்து அழுததால், என் கணவர் அவரோடு கீழேயும் மேலேயும் ஆறு தடவை போய்வந்தார்.’

எல்லாம் நடந்ததுதான். விழா நாளில் நடக்கவில்லை, அவ்வளவே. விழா நாட்களில் அவர் சோபாவில் காலை நீட்டிப் படுத்திருப்பார். இவை அவர் எந்தெந்த வெள்ளிக்கிழமையோ ஏழரைக்கும் எட்டரைக்கும் நடுவில் சொன்னவை. அவள் டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல் ‘ம்’ என்று கேட்டவை. அந்த முதியவரை அவரே மறந்துவிட்டார். அவள் மறக்கவில்லை. ஒன்றைக்கூட மறக்கவில்லை. எல்லாவற்றையும் சேர்த்துவைத்து, வருடத்துக்கு ஒன்றாக, வராத புருஷனைப் பெருமைப்படுத்தி எழுதியிருக்கிறாள்.

கடைசிக் கடிதம் போன வருடத்தது. எழுத்து கோணலாக இருந்தது; அப்போதே உடம்புக்கு வந்துவிட்டது. ‘இந்த முறை காரணம் எதுவும் இல்லை. கூப்பிட்டேன், வரவில்லை. திரும்பி வரும் நாள்: அடுத்த ஆண்டு. தயவுசெய்து அவர் பெயரை அடித்துவிட வேண்டாம்.’

மெக்கானிக் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

“இந்த வருஷம் வந்துட்டீங்க. உங்களுக்கு ப்ரெசென்ட் போட்டுட்டேன்” என்றார் பதிவாளர் அம்மாள். “அவங்களுக்குத்தான் லெட்டர் வரலை. இருபத்திரண்டு வருஷத்துல முதல் ஆப்சென்ட்.”

“அவ இறந்துட்டாம்மா.”

“எங்க ரெஜிஸ்டர்ல அப்படி இல்லையே சார். நாற்காலிக் குழு ஏத்துக்கிட்டாத்தான் நாங்க இறப்புன்னு பதியணும். அவங்கதான் நிராகரிச்சுட்டாங்களே. எங்க கணக்குல அவங்க வரலை, அவ்வளவுதான்.”

எட்டு மாதமாக அவர் ஏறி இறங்காத அலுவலகம் இல்லை. எல்லா இடத்திலும் அவள் செத்துவிட்டாள் என்று சீல் குத்தி, நகலும் எடுத்துக் கொடுத்தார்கள். அவள் வரவில்லை, அவ்வளவுதான் என்று சொன்ன முதல் அலுவலகம் இது. மெக்கானிக் தன்னை அறியாமல் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

“லெட்டர் நீங்க எழுதிக் கொடுக்கலாம். படிவம் இருக்கு” என்று ஒரு தாளையும் பேனாவையும் நீட்டினார் அம்மாள். “காரணத்தை மட்டும் கொஞ்சம் நல்லா எழுதுங்க சார். உங்க லெட்டர் எல்லாம் நாங்க ஆபீஸ்ல சத்தமா படிப்போம்.”

காரணம் என்ற கட்டத்தின் முன் அவர் பேனாவோடு இருந்தார். அவளைப் போலவே எழுத வேண்டும் என்றுதான் நினைத்தார். அவள் வேலையில் நடந்த ஒன்றை, அவளுக்குப் பெருமை சேர்க்கும் ஒன்றை. ஒருநாள் ஏதோ கைக்குழந்தை, ரத்தம் எடுக்க நரம்பே கிடைக்கவில்லை என்று ஆரம்பித்தாள். அப்புறம் கிடைத்ததா? குழந்தை என்ன ஆயிற்று? தெரியவில்லை. அவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். வேறு? யாரோ ஒரு பெண் ஊசியைக் கண்டதும் மயங்கி இவள் மடியிலேயே விழுந்தாள் என்று… அது இவளா, இவளுடைய தோழியா? இருபத்து மூன்று வருடத்தைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்தார். ஒரு கதைகூட முழுதாக விழவில்லை. உள்ளே மண்டபத்தில் நெடுவான் பாட்டு தொடங்கி, எல்லாரும் சேர்ந்து பாடினார்கள்.

பாட்டு முடிந்த பிறகுதான் அவர் எழுதினார். ‘கூப்பிட்டேன், வரவில்லை.’

அம்மாள் எட்டிப் பார்த்தார். “திரும்பி வரும் நாளைக் காலியா விடக் கூடாது சார்.”

மெக்கானிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவள் எழுதுவது போலவே, ‘அடுத்த ஆண்டு’ என்று எழுதிக் கொடுத்தார்.

பதிவாளர் அம்மாள் ஒரு தடவை படித்துவிட்டு, ‘விடுப்பு அனுமதிக்கப்பட்டது’ என்று சீல் குத்தி, இருபத்திரண்டு கடிதங்களுக்கு மேல் அதையும் வைத்துக் கோப்பைக் கட்டினார்.

“அடுத்த வருஷ லெட்டரை விழாவுக்கு ஒரு வாரம் முன்னாடியே கொடுத்துடுங்க சார். அவங்க ஒரு தடவைகூட லேட் பண்ணதில்ல.”

“கொடுத்துடறேன்மா” என்றார் மெக்கானிக்.